ஜூனில் நட்ட கன்றுகளும் ஐப்பசியில் வந்த தண்ணீரும்

மாணவர் குழுக்கள் கன்று நட்ட அனுபவங்களைப் பலரும் பகிர்ந்திருப்பதைப் படித்ததும், காரைக்குடிப் பக்கம் நான் முதுகலை பயின்ற வளாகத்தில் நடந்ததையும் எழுதத் தோன்றியது.

முதலாண்டுத் தேர்வு முடிந்தும் ஊருக்குப் போகாமல் தங்கிய நாங்கள், உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று வேம்பு, புங்கன், நாவல் என 60 கன்றுகளை விடுதிக்குப் பின்னே நட்டோம். ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பு என்று பெயர் எழுதி வைத்து, குளியலறையிலிருந்து வாளியில் தண்ணீர் சுமந்தோம். ஆடிக் காற்று அடித்து ஓய்ந்தபோது 9 கன்றுகளே மிஞ்சியிருந்தன. என் பெயர் எழுதிய நாவல் கன்றும் காய்ந்துபோனது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

வளாகத்தின் தோட்டப் பணியாளரான பெரியவரிடம் போய் நின்றோம். "ஏப்பா, இந்தச் சீமையில ஐப்பசி மழைய நம்பித்தான் நெல்லே விதைக்கிறாக; நீங்க அனல் காத்துல நட்டா எப்படிப்பா நிக்கும்?" என்று கேட்டவர், எங்களை வளாகத்தின் மேற்கு ஓரத்தில் வறண்டு கிடந்த ஊரணிக்கு, அதாவது மழைநீரைத் தேக்கும் குளத்துக்கு, அழைத்துச் சென்றார். அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் எது என்று அவர் காட்டும்வரை, அப்படி ஒன்று இருந்ததே எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கட்டட இடிபாடுகளாலும் சீமைக்கருவேலத்தாலும் அது மூடிக்கிடந்தது.

என் ஆயா வீடு கானாடுகாத்தானில் இருக்கிறது. நான்கு புறத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், கொட்டும் மழைநீரை அண்டாக்களில் பிடித்துக்கொள்வதையும், மிஞ்சியது தெருக் கால்வாய் வழியே ஊரணிக்குப் போவதையும் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். பெரிய ஆறு ஏதும் ஓடாத செட்டிநாட்டில், கூரையில் விழுந்த நீர் ஊரணி போய்ச் சேரும் வழியைக் காத்ததால்தான் ஊர்கள் நிலைத்தன. அந்த வீட்டில் வளர்ந்தும், நான் படித்த வளாகத்தில் பெய்யும் மழை எங்கே போகிறது என்று ஓராண்டு முழுவதும் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

கால்வாயைத் தூர்வார அனுமதி பெறவே இரண்டு மாதம் ஆனது. அதன்பின் சனிக்கிழமைதோறும் மண்வெட்டியும் கடப்பாரையுமாக இறங்கினோம். முதல் வாரம் சீமைக்கருவேலத்தைத் தரைமட்டமாக வெட்டிவிட்டு மகிழ்ந்தோம். மூன்றாம் வாரமே வெட்டிய தூரிலிருந்து பச்சைத் துளிர்கள் கிளம்பிவிட்டன. தூரோடு அகழ்ந்தெடுத்தால்தான் அது அடங்கும் என்று பெரியவர் சொல்ல, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். செம்மண்ணும் சரளையும் இறுகிக் கிடந்த அந்த நிலத்தில் ஒரு தூரைப் பெயர்க்கவே மூன்று பேர் தேவைப்பட்டனர்.

இதற்கிடையே உணவகத்தில் தேநீர்க் கோப்பைகளையும் மாற்ற முயன்றோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் உண்டு என்பதை எடுத்துச் சொன்னதும் எவர்சில்வர் தம்ளர்கள் வந்தன. கழுவ ஆள் போதவில்லை என்ற உணவகத்தாருடைய குறை நியாயமானது; ஆகவே அவரவர் தம்ளரை அவரவரே கழுவி வைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தோம்.

ஐப்பசியில் ஓர் இரவு மழை கொட்டியபோது, கைப்பேசி வெளிச்சத்தில் ஊரணிக்கு ஓடினோம். கலங்கிய செந்நிற நீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு வரத்துக்கால் வழியே வந்து, படித்துறையின் கடைசிப் படியை நனைத்தது. யாரும் படம் எடுக்கவில்லை. வெகுநேரம் நனைந்தபடியே நின்றோம். அந்த வாரமே கரையில் 25 கன்றுகளை மட்டும் நட்டோம். அடுத்த சித்திரையில் அவற்றில் 21 உயிரோடு இருந்தன.

இப்போது இளையவர்கள் ஜூன் 5 அன்று கன்று நடுவதில்லை. அன்று மண்வெட்டியோடு வரத்துக்காலில்தான் இறங்குகிறார்கள். குழி வெட்டுவது புரட்டாசியில், நடுவது ஐப்பசியில்.