ஸ்பானிஷ் எதிர்காலம்: வாலை வெட்டணுமா, வேண்டாமா?

புது_மாணவி:
நிகழ்காலம், இறந்தகாலம் ரெண்டும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. ஆப்லார் (பேச) என்றால் கடைசி 'ஆர்' போய்விடும், மிச்சத்தோடு விகுதி சேரும்: ஆப்லோ, பேசுகிறேன், ஆப்லே, பேசினேன். எதிர்காலத்துக்கு வந்தால் புத்தகம் எதையும் வெட்டாமல் 'ஆப்லரே' என்கிறது. ஏன்? 'எர்', 'இர்' வினைகளுக்குத் தனி அட்டவணை இருக்கிறதா? மேலே போடும் அழுத்தக்குறி எங்கே வரும் என்பதும் பிடிபடவில்லை.

இலக்கணப்பூனை:
தனி அட்டவணை கிடையாது, நிம்மதியாக இருங்க. ஸ்பானிஷ்லயே சோம்பேறிகளுக்கு வாய்த்த காலம் இதுதான். முழு வினையை அப்படியே வச்சுக்கிட்டு ஏ, ஆஸ், ஆ, ஏமோஸ், ஏய்ஸ், ஆன் சேர்க்கணும், அவ்வளவுதான். ஆப்லரே, ஆப்லராஸ், ஆப்லரா, ஆப்லரேமோஸ், ஆப்லரேய்ஸ், ஆப்லரான். சாப்பிட என்கிற கொமேர் கொமெரே ஆகும், வாழ என்கிற விவிர் விவிரே ஆகும். மூணு வகைக்கும் அதே ஆறு விகுதி.

வெட்டாததுக்குக் காரணம் இருக்கு. இது முதலில் ரெண்டு சொல்லாக இருந்தது: வினை, அதன் பின்னால் 'அபேர்' என்கிற துணைவினையின் நிகழ்காலம். 'பேச இருக்கிறேன்' என்று நாம் சொல்வதுபோல 'ஆப்லார் எ'. பழைய ஸ்பானிஷ்ல ரெண்டுக்கும் நடுவில் 'உனக்கு' என்பதைக்கூடச் செருக முடிந்தது: 'தார் தே எ', உனக்குத் தருவேன். அப்புறம் ஒட்டிக்கிட்டு ஒரே சொல்லாச்சு. அபேரின் எ, அஸ், அ, எமோஸ், அன் அஞ்சும் விகுதியில் அப்படியே தெரியும். 'அபேய்ஸ்' மட்டும் தலையை இழந்து 'ஏய்ஸ்' ஆனது.

அழுத்தக்குறியைக் கண்டிப்பாகப் பழகுங்க. உயிரெழுத்திலோ என், எஸ் எழுத்திலோ முடியும் சொல்லுக்கு இயல்பான அழுத்தம் கடைசிக்கு முந்தின அசையில். நம்ம எதிர்காலம் கடைசி அசையில் அழுத்துது, அதனால குறி தேவை. 'ஏமோஸ்' வடிவம் மட்டும் விதிப்படியே நடக்குது, அதுக்குக் குறி கிடையாது. குறியை விட்டால் ஆப்லரா (பேசுவார்) என்பது ஆப்லாரா ஆகி, 'பேசியிருந்தால்' மாதிரி இடங்களில் வரும் வேறொரு வடிவமாகிவிடும். திருத்துறவங்க சும்மா விடமாட்டாங்க.

ரேடியோ_காது:
பூனை சொன்னதெல்லாம் சரி. ஆனால் பேச்சில் 'வோய் ஆ ஆப்லார்' (பேசப் போறேன்) தான் அதிகம் கேட்கும். அட்டவணை எழுத்துக்கும் உறுதிமொழிக்கும் ஊகத்துக்கும் உதவும். ஊகம் நமக்கு ரொம்ப சுலபம்: 'செரான் லாஸ் த்ரேஸ்' என்றால் 'மணி மூணு இருக்கும்'. அவங்களும் எதிர்காலத்தை வச்சுத்தான் இப்போ நடப்பதை ஊகிக்கிறாங்க, நாமும் அப்படித்தான். ஆங்கிலம் வழியா படிச்சவங்க இங்கே தடுமாறுவாங்க, நாம் தடுமாற வேண்டாம்.

புது_மாணவி:
இருவருக்கும் நன்றி. எனக்குச் சொல்லித்தருபவர் மெக்சிகோக்காரர், 'ஏய்ஸ்' வடிவத்தைத் தொடுவதே இல்லை. நானும் விட்டுவிடலாமா? விதி தவறும் வினைகள் எத்தனை?

இலக்கணப்பூனை:
'ஏய்ஸ்' ஸ்பெயினில் 'நீங்கள் எல்லோரும்' என்று நெருக்கமாகப் பேசும்போது வரும். லத்தீன் அமெரிக்காவில் அந்த இடத்துக்கும் ஆப்லரான் தான். படிச்சால் புரிஞ்சுக்கிற அளவுக்கு வச்சுக்கிட்டா போதும்.

விதி தவறும் அடிப்படை வினைகள் ஒரு டஜன். அதிலும் மாறுவது முன்பாதி மட்டும், விகுதி அசையாது: தெனேர் - தெந்த்ரே, சலிர் - சல்த்ரே, தெசிர் - திரே, அசேர் - அரே. முதலில் இந்த நாலையும் எழுதிப் பாருங்க, பேச்சில் ஓயாமல் வருவது இவைதான். மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கலாம்.