மறு: கம்யூனிட்டி லெட் ரிசர்ச் - "சமூகம்" வேண்டாமே

எல்லாருக்கும் வணக்கம்,

கம்யூனிட்டி லெட் ரிசர்ச், அதாவது மனநலப் பிரச்சினையை அனுபவிக்கறவங்களே நடத்தற ஆய்வு, அதுக்குத் தமிழ்ச் சொல்லா ஐயா போட்ட "சமூகம்வழி மனநல ஆய்வு" பார்த்தேன், இலக்கணத்துல குறை இல்ல, ஆனா களத்துல எடுபடாது. போன மாசம் ஒரு கிராமத்துல ஒப்புதல் படிவம் வாசிச்சுக் காட்டிட்டிருந்தேன், "இந்த ஆய்வை உங்க சமூகமே நடத்தும்"னு வந்ததும் திண்ணைல இருந்த பாட்டி "எந்தச் சமூகம்ப்பா, எங்க ஆளுங்களா அவங்க ஆளுங்களா"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டது நியாயம், நம்ம ஊர்ல கம்யூனிட்டி சர்டிபிகேட்னாலே சாதிச் சான்றிதழ்தானே. மனநலத்துக்கு மாத்திரை சாப்பிட்டுட்டு இருக்கற அந்த வீட்டு மருமகதான் பேச வேண்டியவங்க, அவங்க முந்தானைல கையைத் துடைச்சுகிட்டே உள்ள போயிட்டாங்க, படிவத்தைத் தொடவே இல்ல.

"பட்டறிவு"ன்னு ஒரு சொல் நம்மகிட்ட ஏற்கனவே இருக்கு. தானே பட்டுத் தெரிஞ்சுகிட்டதை இங்கிலீஷ்ல லிவ்ட் எக்ஸ்பீரியன்ஸ்ங்கறாங்க, அதுக்கு "வாழ்ந்த அனுபவம்"னு எழுதறாங்க, அது யாரோ நல்லா வாழ்ந்து முடிச்ச மாதிரி காதுல விழுது. பட்டறிவுன்னா "பட்டவங்களுக்குத்தான் தெரியும்"ங்கற பேச்சும் கூடவே வந்துடுது. அதனால என் பரிந்துரை: பட்டறிந்தோர் முன்னின்று நடத்தும் ஆய்வு.

நீளம்தான். ஆனா "பட்டறிந்தோர் ஆய்வு"ன்னு சுருக்கினா அவங்களைப் பத்தின ஆய்வா, அவங்க செய்யற ஆய்வான்னு தெரியாது. யார் கேக்கறாங்கங்கறதுல பதிலே மாறுது. லண்டன் கிங்ஸ் காலேஜ்ல ஆய்வாளரா இருந்த டயானா ரோஸ், அவங்களே மனநோய்க்கு ஷாக் ட்ரீட்மெண்ட் எடுத்தவங்க, 2003ல அவங்க குழு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல அந்தச் சிகிச்சையைப் பத்தின பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினாங்க. டாக்டர்கள் மட்டும் நடத்தின ஆய்வுகள்ல "பலன் இருந்துச்சு"ன்னு சொன்னவங்க அதிகம், சிகிச்சை எடுத்தவங்களும் சேர்ந்து நடத்தினதுல கம்மி. ஞாபகம் போனது திரும்பலன்னு குறைஞ்சது மூணுல ஒருத்தர் சொல்லியிருக்காங்க. அதனாலதான் "முன்னின்று"வை விட எனக்கு மனசு வரல.

அக்கா ஜிம்பாப்வே பாட்டிங்களைப் பத்திக் கேட்டிருந்தாங்க. மனசு சரியில்லாதவங்களோட பெஞ்ச்ல உக்காந்து பேசறதுக்குப் பாட்டிங்களைப் பழக்கின திட்டம் அது. 2006ல ஹராரே நகரத்து ம்பாரே பகுதில மனநல டாக்டர் டிக்சன் சிபாண்டா 14 பாட்டிங்களை வெச்சுத் தொடங்கினது, "மென்ட்டல் ஹெல்த் பெஞ்ச்"னு பேர் வெச்சப்போ யாரும் வந்து உக்காரல, நட்பு பெஞ்ச்னு மாத்தச் சொன்னது பாட்டிங்கதான். நோய்க்கும் அவங்க ஷோனா மொழிச் சொல்லு "குஃபுங்கிசிசா", ரொம்ப யோசிக்கறதுன்னு அர்த்தம், நம்ம வீட்ல "ஒரே யோசனையா இருக்கு"ன்னு சொல்றோமே, அப்படியே. ஆனாலும் ஆய்வை வகுத்தது டாக்டர்தான், அதனால அதுக்குப் "பங்கேற்பு ஆய்வு" போதும்னு நினைக்கறேன். பேரை மாத்தறது பெரிய விஷயம், கேள்வியை முடிவு பண்றது அதைவிடப் பெரிசு.

கலைச்சொல் பட்டியல்ல ஏத்தறதைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. வர்ற வியாழக்கிழமை அதே ஊருக்குப் போறேன், இந்த தடவை திண்ணைல இல்லாம மருமககிட்ட தனியா உக்காந்து "உங்களை மாதிரி பட்டறிஞ்சவங்களே முன்னின்று நடத்தற ஆய்வு"ன்னு வாசிச்சுக் காட்டறேன், அவங்க வேற சொல்லு சொன்னா அதைத்தான் இங்க போடுவேன்.