பத்து நிமிடமும் ஒரு கேள்வியும்: பிள்ளைகளை எழுத வைத்த அனுபவங்கள்

முரசுமோட்டைப் பக்கத்து ஆசிரியை:

தரம் 8க்குத் தமிழ் படிப்பிக்கத் தொடங்கிய புதிதில் என் வகுப்பில் 34 பிள்ளைகளும் ஒரே கட்டுரையைத்தான் எழுதினார்கள். 'எனது கிராமம்' என்று கொடுத்தால் எல்லார் கிராமத்திலும் ஓடை சலசலக்கும், குயில் கூவும். எங்கள் ஊரில் ஓடுவது இரணைமடுக் குளத்து வாய்க்கால். அதை ஒருவரும் எழுதவில்லை. வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்ததைப் பாடமாக்கி வந்திருந்தார்கள். அதற்கு நானும் புள்ளி போட்டிருக்கிறேன்.

பிறகுதான் பாடவேளையின் முதல் 10 நிமிடத்தை எழுத்துக்கு ஒதுக்கினேன். ஒரு பாடவேளையே 40 நிமிடம்தான், அதில் பத்தை எடுப்பது லேசில்லை. ஆனாலும் ஒரு நாளும் விடவில்லை. பள்ளிக்கூடம் வரும் வழியிலோ வீட்டிலோ கண்ட ஒன்றைப் பற்றி ஐந்து வரி. புள்ளி இல்லை. நான் கீழே ஒரு கேள்வி மட்டும் எழுதிக் கொடுப்பேன்.

ஒரு தம்பி எப்போதும் ஒரு வரியோடு நிறுத்திவிடுவான். "எங்கள் வீட்டு மாடு கன்று போட்டது." அவ்வளவுதான். "கன்று எழும்பும்போது எந்தக் கால் முதலில் நிமிரும்?" என்று கீழே எழுதினேன். கொப்பியோடு என்னிடம் வந்தான்.

"ரீச்சர், அதை நான் கவனிக்கேல்லை."

"அப்ப போய்ப் பாரும், தம்பி."

அடுத்த நாள் அரைப் பக்கம் வந்தது. பின்னங்கால் இரண்டும்தான் முதலில் நிமிருமாம். அதுவரை முன்முழங்கால்களை மண்ணில் ஊன்றி, கும்பிடுகிற மாதிரி இருக்குமாம். கும்பிடுகிற மாதிரி! அதை அவன் எந்தப் புத்தகத்திலும் பாடமாக்கவில்லை. வகுப்பில் வாசித்துக் காட்டினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு முழுதும் கேட்டான்.

2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்தபோது எங்கள் பக்கமெல்லாம் வெள்ளம். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்க, சிலரிடம் கொப்பியே இல்லை. ஒற்றைத் தாள் கொடுத்தேன். அன்று 10 நிமிடம் முடிந்தும் ஒருவரும் பேனையை வைக்கவில்லை.

ஒட்டுசுட்டானில், சனசமூக நிலையத்தில் மாலை வகுப்பு எடுப்பவர்:

எங்கள் பிள்ளைகளுக்கு வாயில் வருவது தாளில் வராது. இரவு தோட்டத்துக்கு யானை வந்த கதையை ஒரு பிள்ளை சொன்னாள்: "வாழையை மிதிச்சுச் சரிச்சுப்போட்டு குருத்தை மட்டும் உருவித் திண்டது. அப்பா யானைவெடி கொளுத்தினவர், அது நனைஞ்சு போய் வெடிக்கேல்லை." கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கே நெஞ்சு படபடத்தது. சரி, அதை எழுது என்றால், "யானை ஒரு பெரிய மிருகம். அதற்கு நான்கு கால்கள் உண்டு."

அன்றிலிருந்து இருவர் இருவராக இருத்துகிறேன். ஒருவர் சொல்ல மற்றவர் சொன்னபடியே எழுத வேண்டும். "நனைஞ்சு எண்டு எழுதினா பிழையோ அண்ணை?" என்று கேட்டார்கள். முதலில் எழுதுங்கோ, திருத்துவது பிறகு என்றேன். 'திண்டது' என்பதைத் 'தின்றது' ஆக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஈரமான வெடியை நான் சொல்லிக் கொடுக்க முடியாது.

புதுக்குடியிருப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

இரண்டு பேரும் சொன்னது சரி. தலைப்பிலும் ஒரு கவனம் வேண்டும். மீள்குடியேறிய முதல் வருடங்களில், தகரக் கொட்டிலில் வகுப்பு நடந்தபோது, 'எனது தந்தை' என்று எழுதக் கொடுத்தேன். ஒரு பிள்ளை தலைப்பை எழுதி, அடிமட்டம் வைத்துக் கோடு கீறிவிட்டு, பாடம் முடியும்வரை சும்மா இருந்தாள். ஏன் எழுதவில்லை என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்தவள்தான் சொன்னாள், "சேர், அவளின்ர அப்பாவைக் காணேல்லை."

அது என் பிழை. யுத்தத்துக்குப் பிறகு வன்னியில் படிப்பிக்கும் நான் அதை முதலே யோசித்திருக்க வேண்டும். அதன்பின் தலைப்பைப் பிள்ளைகளே தெரிவுசெய்ய விட்டேன். நான் வாசிக்கக்கூடாத பக்கத்தை நடுவால் மடித்துவிடச் சொன்னேன். மடித்ததை ஒரு நாளும் திறந்ததில்லை. அவள் இரண்டு தவணை முழுக்க மடித்த பக்கங்களாகவே தந்தாள். மூன்றாம் தவணையில் ஒன்று மடிக்காமல் வந்தது. வீட்டுக்குப் பின்னால் தாயும் அவளும் ஊன்றிய முருங்கைத் தடி துளிர்த்ததைப் பற்றி ஒன்றேகால் பக்கம்.

முரசுமோட்டைப் பக்கத்து ஆசிரியை:

சேர், பக்கம் மடிக்கிறதை நாளைக்கே என் வகுப்பிலும் சொல்கிறேன். 34 கொப்பியை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஒரு நாளைக்கு ஏழு கொப்பி, வெள்ளிக்கிழமை ஆறு. கிழமைக்குள் எல்லாருக்கும் ஒரு கேள்வி போய்விடும். எழுத்துப்பிழையை மாதத்துக்கு ஒரு வகையாகத்தான் எடுக்கிறேன். இந்த மாதம் ர, ற. ல, ள, ழவுக்கு அடுத்த தவணை முழுதும் வேண்டும்.