மலையேறும்போது பரிவு நரம்பு இதயத்தின் இரத்தக் குழாய்களைச் சுருக்காதா?

தக்கலை, உயிரியல் ஆசிரியை:
மாணவி ஒருத்தி எழுப்பிய ஐயம் இது. மருந்துவாழ்மலையில் ஏறும்போது உடலை அவசர உழைப்புக்குத் தயாராக்கும் பரிவு நரம்பு (sympathetic nerve) தூண்டப்பட்டு, தோலிலும் குடலிலும் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதே நரம்புதான் இதயத் தசைக்கு இரத்தம் தரும் கரோனரித் தமனிகளுக்கும் செல்கிறது. அப்படியானால் இரத்தம் மிகுதியாகத் தேவைப்படும் நேரத்தில் இதயத்துக்கே அது குறைய வேண்டுமே, ஏன் குறைவதில்லை?

நாகர்கோவில், உடலியங்கியல் விரிவுரையாளர்:
டீச்சர், மாணவி கேட்டது நியாயமான கேள்வி. கரோனரித் தமனியின் சுவரிலும் ஆல்ஃபா ஏற்பிகள் (வேதிச் செய்தியைப் பெறும் புரதங்கள்) இருப்பதால், பரிவு நரம்பு வெளியிடும் நார்எபிநெஃப்ரின் பட்டால் அது சுருங்கத்தான் முயலும். ஆனால் அதே நரம்பு இதயத்திலுள்ள பீட்டா ஏற்பிகள் வழியாகத் துடிப்பின் வேகத்தையும் வலுவையும் கூட்டிவிடுகிறது. தன்னிடம் வரும் ஆக்சிஜனில் 70 முதல் 80 விழுக்காட்டை ஓய்வு நேரத்திலேயே எடுத்துக்கொள்ளும் இதயத் தசைக்கு, இரத்த ஓட்டம் கூடினாலொழிய வேறு வழியில்லை. ஆகவே தசையில் உண்டாகும் அடினோசின் போன்ற பொருள்களும், குழாயின் உட்படலம் வெளியிடும் நைட்ரிக் ஆக்ஸைடும் சுருக்கத்தை மீறிக் குழாயை விரிக்க, ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 250 மி.லி. ஆக இருந்த ஓட்டம் கடும் உழைப்பில் நான்கைந்து மடங்கு வரை உயர்கிறது. நரம்பு அறுபட்ட மாற்று இதயத்திலும் உழைக்கும்போது ஓட்டம் கூடவே செய்கிறது. பீட்டா ஏற்பிகளை மருந்தால் அடைத்துவிட்டு நரம்பைத் தூண்டினால்தான் மறைந்திருந்த சுருக்கம் வெளிப்படும்.

மார்த்தாண்டம், செவிலியர்:
அந்தச் சுருக்கமும் முழுக்க வீணன்று. இதயம் இறுகும்போது சுவரின் உட்பகுதிக் குழாய்கள் நசுங்குவதால், இடது கீழறைத் தசைக்கு இரத்தத்தின் பெரும்பங்கு இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில்தான் கிடைக்கிறது. அப்போது உள்ளடுக்கின் பங்கு குறையாமல் காக்க ஆல்ஃபா சுருக்கம் உதவுகிறது என்றொரு கருத்து உண்டு.

குளச்சல்:
ஐயா, மீன் வியாபாரம் செய்யும் என் தாய்மாமா, ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீனை அடுக்கும்போது நெஞ்சு இறுகுவதாகச் சொல்கிறார். இதுவும் அந்த நரம்பின் வேலைதானா?

நாகர்கோவில், உடலியங்கியல் விரிவுரையாளர்:
இருக்கலாம், தம்பி. பனிக்கட்டி நீரில் கையை வைக்கச் செய்து பரிவு நரம்பைத் தூண்டுவது ஆய்வுக்கூடங்களில் பழகிய முறைதான். நலமான கரோனரித் தமனி அப்போது சற்றே விரியும். கொழுப்பு படிந்து உட்படலம் கெட்ட தமனியோ சுருங்கிவிடும். இதயத் துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு வெளியிடும் அசிட்டைல்கோலினுக்கும் அவ்விரு தமனிகளும் இதே போல எதிரெதிராகவே நடந்துகொள்கின்றன. கையை எடுத்ததும் சரியாகிவிடுகிறதே என்று இராமல், மாமாவை உடனே மருத்துவரிடம் அழைத்துச் சென்று ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டென்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். வலியை உணர்த்தும் நரம்புகள் பழுதுபட்டவர்களுக்கு இந்த எச்சரிக்கைகூடத் தெரியாமல் போவதுண்டு.