தேம்பாவணி எழுதினது யாரு? மறுபடியும் அதே கதை ஆரம்பிச்சாச்சு

கெடிலக்கரையான்:
நேத்து ஒருத்தர் இங்க வேற ஒரு பதிவுக்கு கீழ எழுதியிருக்கார், கிறிஸ்தவத்தால தமிழுக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லையாம், இயேசுவோட வளர்ப்புத் தந்தை சூசையப்பர் கதையைப் பாடற தேம்பாவணியே சேசு சபை சாமியார் வீரமாமுனிவர் எழுதலையாம், தமிழ் சொல்லிக்குடுத்த சுப்ரதீபக் கவிராயர் எழுதித் தந்தாராம், சாமியார் பேரை மட்டும் போட்டுக்கிட்டாராம். படிச்சதுல இருந்து எரிச்சல் அடங்கல. 3615 பாட்டு, மூணு காண்டம், 36 படலம், 1726-ல முடிஞ்ச காவியம். எங்க விருத்தாசலம் பக்கத்துல கோணான்குப்பத்துல பெரியநாயகி மாதாவுக்கு கோவில் கட்டின மனுஷன் அவரு. சும்மா அள்ளி விட்டுட்டுப் போறதா? கவிராயர் எழுதினார்னா ஒரு ஓலை காட்டுங்க. ஒரே ஒரு ஓலை.

வேதபுரியான்:
அந்த ஒருத்தர் நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம், நான் ஒண்ணும் ஓடி ஒளியறவன் இல்ல. 1710-ல கப்பல்ல வந்து இறங்கின இத்தாலிக்காரர் பதினாறே வருஷத்துல கம்பன் மாதிரி விருத்தம் பாடிட்டாராம். நம்பணுமாம். நம்ம ஊர்ல பொறந்து பி.லிட். படிச்சவனுக்கே ஒரு வெண்பா தளை தட்டுது.

கெடிலக்கரையான்:
உனக்கு தட்டுதுன்னா எல்லாருக்கும் தட்டணுமா. ஓலை எங்க?

லாஸ்பேட்டை டீச்சர்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. முதல்ல கிறிஸ்தவ இலக்கியம்னு எதைச் சொல்றோம்? கிறிஸ்தவர் எழுதினதா, கிறிஸ்தவத்தைப் பத்தி எழுதினதா? மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர், 1879-ல வந்த பிரதாப முதலியார் சரித்திரம்தான் தமிழோட முதல் நாவல், ஆனா அதுல மதப் பிரச்சாரம் தேடினா கிடைக்காது. எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை வைணவரா பொறந்து மதம் மாறி இரட்சணிய யாத்திரிகம் எழுதினார், அதுல கம்பன் வாடை அப்படியே இருக்கும். இதையெல்லாம் எந்தக் கணக்குல சேர்ப்பீங்கன்னு சொல்லிட்டு சண்டை போடுங்களேன்.

வேதபுரியான்:
டீச்சர், நீங்க சிலபஸ் நடத்துங்க, நாங்க அப்புறமா வரோம். கெடிலம், கேள்விக்கு பதில் எங்கப்பா? தேம்பாவணி நாட்டுப் படலத்துல சூதேய நாட்டை வர்ணிக்கிறாங்களே, வயலும் வாய்க்காலும் தாமரையுமா, அது எருசலேமா இல்ல எங்க பாகூர் ஏரிப் பாசனமா? வெள்ளைக்கார சாமியாருக்கு நாத்து நடவு எப்படித் தெரியும்? கவிராயர் கை அதுல அப்பட்டமா தெரியுது.

கெடிலக்கரையான்:
வந்துட்டார்யா விவசாய நிபுணர். வீரமாமுனிவர் பொறந்த காஸ்டில்யோன், மாந்துவா பக்கத்து ஊரு, அங்க இன்னிக்கும் நெல்லு விளையுது, போய் தேடிப் பாரு. அப்படியே தெரியலன்னாலும் ஏலாக்குறிச்சி கொள்ளிடக் கரையில காலம் தள்ளினவருக்கு நாத்து கண்ணுல படாதா? சரி அதை விடு. தேம்பாவணியோட கதை எங்கிருந்து வந்துச்சு தெரியுமா? பைபிள்ல சூசையப்பரைப் பத்தி இருக்கறது கொஞ்சூண்டு. மீதியில பெரும்பகுதி ஆகிரேதா மரியாள்னு ஒரு ஸ்பெயின் கன்னியாஸ்திரீ எழுதின பெரிய புஸ்தகத்துல இருந்து வந்தது. உங்க கவிராயர் ஸ்பானிஷ் படிச்சாரா, லத்தீன் படிச்சாரா, எந்தத் திண்ணைப் பள்ளிக்கூடத்துல? இன்னொண்ணு, கவிராயர் பேர்ல இருக்கற நூலு கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது. தாசி வீட்டுல சொத்தைத் தொலைச்சவன் கதை. அதையும் எடுத்து வெச்சுக்க, கற்புக்கு விரதம் இருக்கற சூசையப்பர் கதையையும் எடுத்து வெச்சுக்க, பத்துப் பத்து பாட்டு படி, ஒரே ஆள் எழுதினதுன்னு உன் மனசாட்சி சொல்லுதா பாரு. திருக்குறளை லத்தீன்ல மொழிபெயர்க்கும்போது இன்பத்துப்பாலையே தொடாம விட்ட மனுஷன் இவரு. ரெண்டு பேரும் ரெண்டு துருவம். சும்மா குரு குருன்னா ஆச்சா. ஓலை எங்க?

வேதபுரியான்:
கவிஞன்னா எல்லா ரசமும் பாடுவான், அதுகூடத் தெரியாம இலக்கியம் பேச வந்துட்டீங்க. கதையை சாமியார் சொன்னார், பாட்டை கவிராயர் கட்டினார், இதுல என்ன கஷ்டம்? சேசு சபைக்காரங்க வேற பேர்ல எழுதறதுல கெட்டிக்காரங்கன்னு உலகத்துக்கே தெரியும். எசூர் வேதம் ஞாபகம் இருக்கா? எங்க புதுச்சேரி சரக்குதான். பழைய வேதம்னு சொல்லி 1760-ல வால்டேர் கைக்குப் போய் சேர்ந்துச்சு, அவ்வளவு பெரிய அறிவாளி அதை நெஜம்னு நம்பி ராஜா நூலகத்துக்கே குடுத்தார், 1778-ல அச்சும் ஆச்சு. அப்புறம் பார்த்தா போலி. வேதத்தையே செஞ்சவங்களுக்கு காவியம் எம்மாத்திரம்?

கெடிலக்கரையான்:
உன் வாயாலயே மாட்டிக்கிட்ட பாரு. எசூர் வேதத்துல ஐரோப்பியன் எழுதி இந்தியன் பேரைப் போட்டான். நீ சொல்றது அப்படியே தலைகீழ். அது எப்படி இதுக்கு சாட்சி ஆகும்? வக்கீல் குமாஸ்தா கூட இப்படி கேஸ் கட்ட மாட்டான். ஆயி மண்டபம் விவாதத்துலயும் இதேதான் பண்ண, பாதியில ஓடிப் போன. ஓலை.

வேதபுரியான்:
ஆயி மண்டபத்துல ஓடினது யாருன்னு ஸ்க்ரீன்ஷாட் வெச்சிருக்கேன், போடவா?

திருப்பாப்புலியூரான்:
நடுவுல வர்றேன் மன்னிக்கணும். வேத்து மதத்துக்காரன் தமிழ் எழுதினா சந்தேகப்படணும்னா எங்க ஊர் அப்பரை என்ன பண்றது? சமணப் பள்ளியில தருமசேனரா இருந்துட்டு வந்தவர்தானே. அதுக்காக தேவாரத்தை சமணர் எழுதித் தந்தாங்கன்னு சொல்லுவீங்களா?

வேதபுரியான்:
அப்பரை எதுக்குய்யா இதுல இழுக்கறீங்க? அவர் இந்த மண்ணுல பொறந்தவர். கோவிலை இடிச்சவங்களையும் கோவில் கோவிலாப் போய் உழவாரப் பணி செஞ்சவரையும் ஒரே தராசுல வைக்காதீங்க. 1748-ல வேதபுரீஸ்வரர் கோவிலை இடிச்சாங்களே, பிரெஞ்சு கவர்னர் துப்ளேக்ஸ் காலத்துல, அவரோட துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்புல வரிசையா எழுதி வெச்சிருக்காரே, அதைப் பத்தி ஒருத்தராவது பேசறீங்களா? அதுக்குப் பக்கத்து சர்ச்சான சம்பா கோவில் வாசல்ல நின்னு செல்ஃபி எடுக்கறவன் எவனுக்காவது அது தெரியுமா?

நெல்லித்தோப்பு பையன்:
அதே நாட்குறிப்பைத்தான் நானும் எடுக்கறேன். 1745-ல மாதா கோவிலுக்குள்ள சாதிக்காரங்களுக்கும் எங்க தலித் ஆளுங்களுக்கும் நடுவுல சுவர் இருந்ததும், எங்க ஆளுங்க போய் நியாயம் கேட்டதும், சுவரை எடுத்ததும் அதுல இருக்கு. உடனே சாதிக் கிறிஸ்தவங்க குதிச்சாங்க. அண்ணே, நீங்க ரெண்டு பேரும் காவியத்தோட உரிமைப் பட்டாவுக்கு அடிச்சிக்கிறீங்க, கிறிஸ்தவம் எங்க சிந்தனையில என்ன பண்ணுச்சு, என்ன பண்ணலன்னு பேசினா அந்த சுவர்ல இருந்து பேசணும். 3615 பாட்டும் எங்க பாட்டி கேட்டதில்ல. அது கேட்டதெல்லாம் தவக்காலத்துல பாடற ஒப்பாரிதான்.

கெடிலக்கரையான்:
தம்பி நீ சொல்றது பெரிய விஷயம், அதுக்கு தனியா ஒரு திரி போடு, நானே முதல் ஆளா வர்றேன். இங்க கேள்வி ஒண்ணுதான். ஓலை.

நெல்லித்தோப்பு பையன்:
தனித் திரி. கோவில்லயும் அப்படித்தான் தனியா உக்கார சொன்னாங்க.

லாஸ்பேட்டை டீச்சர்:
அந்தப் பையன் கேட்டதுக்கு யாராவது பதில் சொல்லுங்களேன், அதுதான் இந்த மொத்தத் திரியிலயே உருப்படியான விஷயம்.

வேதபுரியான்:
ஓலை ஓலைன்னு கத்தறவருக்கு ஒண்ணு கேக்கறேன். வீரமாமுனிவர் வாழ்க்கை வரலாறுன்னு நீங்கல்லாம் தூக்கிப் பிடிக்கறது எது? சென்னை கலெக்டரா இருந்த எல்லிஸ் துரை காலத்து முத்துசாமிப் பிள்ளை எழுதினது. சாமியார் செத்து முக்கால் நூற்றாண்டுக்கு அப்புறம். ஆற்காட்டு நவாப் சந்தா சாகிப்புக்கு திவானா இருந்தார், பல்லக்குல போனார்னு ஏகப்பட்ட கதை அதுல. அதுக்கு மட்டும் ஓலை வேணாமா? உங்களுக்கு வந்தா வரலாறு, எங்களுக்கு வந்தா புரளி.

கெடிலக்கரையான்:
திவான் கதையை நான் எங்க சொன்னேன்? பல்லக்கை நான் எங்க சொன்னேன்? என் பதிவுல மேல இருந்து கீழ வரைக்கும் தேடு. நான் சொல்றது காவியம், உரைநடை, சதுரகராதிங்கற அகராதி, தொன்னூல் விளக்கம்ங்கற இலக்கணம், இவ்வளவும் ஒரே ஆளோட உழைப்பு. 1732-ல வந்த சதுரகராதியையும் கவிராயர்தான் எழுதினாரா? இலக்கணமும் கவிராயரா? பரமார்த்த குரு கதையும் கவிராயரா? அப்ப அந்த சாமியார் முப்பது வருஷத்துக்கு மேல தமிழ்நாட்டுல சும்மா வெயில் காஞ்சாரா? 1968-ல உலகத் தமிழ் மாநாட்டுக்கு மெரினாவுல சிலை வெச்சாங்களே, வெச்சவங்கல்லாம் ஏமாளியா?

வேதபுரியான்:
சிலை வெச்சதெல்லாம் ஆதாரம்னா எங்க பீச்சுல துப்ளேக்ஸுக்கும் சிலை இருக்கு. அவரும் தமிழ்ப் புலவரா?

திருப்பாப்புலியூரான்:
ஹாஹா இது செம.

கெடிலக்கரையான்:
சிரிக்கறியா நீயி, எந்த ஊர்க்காரன் நீ? பாண்டிக்காரனுக்கு ஜால்ரா போட கடலூர்ல இருந்து வந்தியா?

திருப்பாப்புலியூரான்:
நல்ல ஜோக்குக்கு சிரிக்க ரேஷன் கார்டு காட்டணுமாண்ணே?

வேதபுரியான்:
பாண்டின்னு சொல்லாதீங்க, புதுச்சேரி. கோணான்குப்பத்தை கோணாங்குப்பம்னு நான் எழுதினப்போ குதிச்சீங்கல்ல.

கெடிலக்கரையான்:
பேச்சை மாத்தாத. நாளைக்கு காலையில விறலிவிடு தூதுல இருந்து பத்து பாட்டு, தேம்பாவணியில இருந்து பத்து பாட்டு டைப் பண்ணிப் போடறேன், எது யாரோடதுன்னு பேர் போட மாட்டேன், நீ பிரிச்சுக் காட்டு.

வேதபுரியான்:
பிரிச்சுக் காட்டிட்டா மட்டும் ஒத்துக்கப் போறியா? ஸ்க்ரீன்ஷாட் போடறேன் இரு.