சாறிக் கடை வெப்சைட்: முகப்பில் எதை விடுவது, எதை எடுப்பது?

கொட்டாஞ்சேனைக் கோடர் கேட்டது:

வணக்கம். வெள்ளவத்தை காலி வீதியில் உள்ள ஒரு சாறிக் கடையின் வெப்சைட்டைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். வருபவர்களில் பெரும்பாலானோர் பேஸ்புக் விளம்பரத்தை அழுத்தி போனில் வருகிறார்கள், முகப்போடு திரும்பிவிடுகிறார்கள். இப்போது அங்கே 8 படம் ஓடும் ஸ்லைடர், அதற்கு மேல் ஓடும் எழுத்து, சலுகை பொப்-அப், தீபாவளித் துண்டுப்பிரசுரம் படமாக, பேஸ்புக் பெட்டி, கீழே 40 சாறி என்று எல்லாம் இருக்கிறது. குறைத்தால் கடை வெறிச்சென்று தெரியும் என்பது முதலாளியின் பயம். எதை எடுக்கலாம்? தமிழ் எழுத்தும் போனில் நெரிசலாகத் தெரிகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

---

காலிமுகம்:

முதலில் எடையைப் பாருங்க. படம் ஒன்று 400 கேபி என்றால் ஸ்லைடர் மட்டுமே 3.2 எம்பி. கூகிளின் லைட்ஹவுஸ் சோதனை, போனுக்கு வினாடிக்கு 1.6 மெகாபிட் என்று வைத்துத்தான் கணக்குப் பார்க்கும். அந்த வேகத்தில் 3.2 எம்பி இறங்க 16 வினாடி. முகப்பின் பெரிய படம் 2.5 வினாடிக்குள் தெரியவேண்டும் என்பது அதே கூகிளின் அளவுகோல். விளம்பரத்தை அழுத்தியவர் சாறியைப் பார்க்காமலே போய்விடுகிறார் என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்லைடரை எடுத்துவிட்டு ஒரே ஒரு படம் வையுங்க. 800 பிக்சல் அகலம், வெப்பி வடிவம், 100 கேபிக்குள். இந்த முதல் படத்துக்கு லேஸி லோடிங் (பார்ப்பவர் கிட்ட வரும்போது மட்டும் படத்தை இறக்குவது) போடவே வேண்டாம். ப்ளக்-இன்கள் சில எல்லாப் படத்துக்கும் சேர்த்துப் போட்டுவிடும், அப்போது முதலில் வரவேண்டிய படமே கடைசியில் வரும். லேஸி லோடிங் கீழே உள்ள படங்களுக்கு மட்டும். அதோடு ஒவ்வொரு படத்தின் அகலத்தையும் உயரத்தையும் எச்டிஎம்எல்லிலேயே எழுதிவிடுங்க. எழுதாவிட்டால் படம் வந்து விழும்போது பக்கம் கீழே துள்ளும், பொத்தானை அழுத்தப்போன விரல் வேறெங்கோ படும்.

பொப்-அப்பை யோசிக்காமல் எடுங்க. தேடலிலிருந்து போனில் வருபவரின் திரையை உடனே மூடும் பக்கங்களை, 2017 ஜனவரியிலிருந்து கூகிள் பின்தள்ளக்கூடும். ஓடும் எழுத்தும் பேஸ்புக் பெட்டியும் அப்படியே போகட்டும். பேஸ்புக்கிலிருந்து வந்தவருக்கு மறுபடி பேஸ்புக்கைக் காட்டினால் அவர் அங்கேயே திரும்பிப் போய்விடுவார்.

360 பிக்சல் அகலமான போனில் முதல் திரையில் இவ்வளவும் போதும்: கடைப் பெயர், மொழி மாற்றி, அந்த ஒரு படம், என்ன விற்கிறீர்கள், எந்த விலையில் தொடங்குகிறது என்று ஒரு வரி, "பார்க்க", "கேட்க" என்று இரண்டு பொத்தான். 40 சாறிக்குப் பதிலாக வாங்குபவர் கேட்கும் விதத்திலேயே பிரித்து வையுங்க: கூறை, பட்டு, கொட்டன், வேலைக்குக் கட்ட. ஒவ்வொன்றிலும் இரண்டு சாறி காட்டி "எல்லாம் பார்க்க" என்று ஒரு இணைப்பு. கடை வெறிச்சென்று தெரியாது, வந்தவருக்கும் எங்கே போவது என்று விளங்கும்.

மொழியை ஐபி முகவரி பார்த்து ஊகிக்கவே வேண்டாம். கொழும்பில் ஒரே வைஃபையில் மூன்று மொழிக்காரரும் இருப்பார்கள். மாற்றியில் ஒவ்வொரு மொழியின் பெயரையும் அதன் சொந்த எழுத்திலேயே போடுங்க, கொடி வேண்டாம். மாற்றியதும் அதே சாறியின் பக்கத்தில் நிற்கவேண்டும். முகப்புக்குத் தூக்கிப் போட்டால் ஆள் போய்விடுவார்.

---

எழுத்துரு நேயன்:

தமிழ் நெரிசலாகத் தெரிவதற்குக் காரணம், ஆங்கிலத்துக்கு வைத்த அளவுகளை அப்படியே விட்டிருப்பதாகத்தான் இருக்கும். வரி உயரம் எழுத்தளவின் 1.4 மடங்கு என்பது ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் "கி", "கீ" மேலே ஏறும், "கு", "கூ" கீழே இறங்கும், அதனால் வரிகள் முட்டிக்கொள்ளும். 1.7 வையுங்கள். உடல் எழுத்து 17 பிக்சல். எழுத்து இடைவெளியைக் கூட்டும் சிஎஸ்எஸ் வரி இருந்தால் தமிழுக்கு அதை 0 ஆக்குங்கள், கூட்டினால் சொல் சிதறிக் கிடக்கும். சாய்வெழுத்தும் வேண்டாம். தமிழ் எழுத்துருக்களில் சாய்ந்த வடிவம் பெரும்பாலும் இல்லை, பிரவுசர் தானாகச் சரித்துக் காட்டுவது பார்க்க நன்றாயிராது.

வெப் எழுத்துரு ஏற்றுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். அண்ட்ரொய்டில் நோட்டோ தமிழ், ஐபோனில் தமிழ் சங்கம் எம்என், விண்டோஸில் நிர்மலா யூஐ என்ற எழுத்துருக்கள் ஏற்கனவே இருக்கின்றன. தமிழ் உடல் எழுத்துக்கு அவற்றையே நம்பினால் பதிவிறக்கம் பூச்சியம். தலைப்புக்கு மட்டும் ஒன்று வேண்டுமென்றால் ஒரே தடிமனில், வொஃப்2 (WOFF2) கோப்பாக, தமிழ் யூனிகோட் வரம்புக்கு மட்டும் ஏற்றுங்கள். அப்போது சிங்களப் பக்கம் பார்ப்பவரின் டேட்டா வீணாகாது.

பொத்தான்களில் சொல்லைச் சுருக்குங்கள். "தொடர்புகொள்ளுங்கள்" நடுவில் உடையாத ஒரே நீளச் சொல், சின்னப் பொத்தானில் வெளியே வழியும். "அழைக்க" போதும். பொத்தான் அகலத்தைப் பிக்சலில் கட்டிப்போடாமல் உள்ளே இடம் விட்டு விரிய விடுங்கள். உயரம் 48 பிக்சல்.

அந்தத் துண்டுப்பிரசுரத்தைப் படமாகப் போடவே கூடாது. அச்சகத்தின் கோப்பு பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் இருந்தால் அப்படியே ஒட்டவும் கூடாது, போனில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றிய பிறகு ஒரு தடவை கண்ணால் வாசியுங்கள். கால் இருக்கவேண்டிய இடத்தில் "ர" நிற்கும், "ஔ" வரவேண்டிய இடத்தில் "ஒ"வும் "ள"வும் தனித்தனியாக நிற்கும். கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் தேடலில் அகப்படாது.

இன்னொன்று, நிறம். சாறிக் கடை என்றதும் வெள்ளையில் தங்க எழுத்து போடுவார்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு அதில் ஏறக்குறைய 2:1 தான், வாசிக்கத் தேவையானது 4.5:1. வெயிலில் பஸ் ஹோல்ட்டில் நின்று பார்ப்பவருக்கு விலை தெரியவே தெரியாது. அதே தங்கத்தை அடர் அரக்குப் பின்னணியில் போட்டால் 5:1 வரும். வெள்ளையில் எழுதுவதானால் அரக்கு நிறத்தில் எழுதுங்கள்.

---

கொட்டாஞ்சேனைக் கோடர்:

இருவருக்கும் நன்றி. வரி உயரத்தை மாற்றியதுமே பக்கம் மூச்சு விடுகிறது. ஆனால் விலை போடுவதில் முதலாளிக்கு இஷ்டமில்லை, "விலைக்கு அழையுங்கள்" என்று இருக்கட்டும் என்கிறார். உள்பக்கத்தில் ஆட்களை நிறுத்தி வைக்க என்ன செய்யலாம்?

---

முந்தானை:

தம்பி, விலை இல்லாமல் மற்ற எதைச் செய்தும் பிரயோசனமில்லை. சரியான விலையைப் போட விருப்பமில்லை என்றால் "18,000 ரூபாவிலிருந்து 22,000 வரை" என்று வீச்சாவது போடச் சொல்லுங்கோ. விலை தெரியாமல் அழைப்பவரைவிட அடுத்த கடையைப் பார்ப்பவர்தான் அதிகம்.

ஆளை நிறுத்துவது படம்தான், ஆனால் சரியான படம். சாறி ஒன்றுக்கு நாலு போதும்: கட்டினபடி முழு உருவம், விரித்த முந்தானை, கரையைக் கிட்ட எடுத்தது, பின்பக்கம். பின்பக்கத்தை ஒருவரும் போடமாட்டார்கள். பட்டு தெரிந்தவர்கள் கடையில் முதலில் திருப்பிப் பார்ப்பது அதைத்தான், சரிகை நூல் பின்னால் எப்படி ஓடுகிறது என்று. கரைப் படத்தில் ஒரு கை விரலும் வரட்டும், அப்போதுதான் கரையின் அகலம் விளங்கும். ஜன்னல் பக்கத்துப் பகல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கோ. மஞ்சள் பல்புக்குக் கீழே எடுத்தால் மயில் கழுத்து நிறம் வேறு பச்சையாகிவிடும், சாறி திரும்பி வரும்.

படத்துக்குக் கீழே நாலே வரி. நீளம், பிளவுஸ் துணி சேர்ந்ததா இல்லையா (5.5 மீற்றரா 6.3 மீற்றரா என்பது அதில்தான் இருக்கிறது), துணி, இப்போது கையிருப்பில் உண்டா. "பாரம்பரியமும் நவீனமும் இணைந்த" என்று தொடங்கும் பந்தி வேண்டவே வேண்டாம்.

வட்ஸ்அப் இணைப்பில் இலக்கத்தை 94 இல் தொடங்கி எழுதுங்கோ, முன்னால் உள்ள 0 உம் கூட்டல் குறியும் கூடாது. அழுத்தியதும் சாறியின் குறியீட்டு எண் செய்தியில் தானாக நிற்கட்டும், கடையில் இருப்பவர் "எந்தச் சாறி?" என்று கேட்கத் தேவையில்லை. அந்தச் செய்தியைச் சுருக்கமாக வையுங்கோ, இணைப்பில் தமிழின் ஒவ்வொரு குறியும் வீதக் குறிகளோடு (%) ஒன்பது எழுத்தாக நீளும். பக்கத்தின் முகவரியையும் இதே காரணத்துக்காக ஆங்கில எழுத்தில் வையுங்கோ. இல்லாவிட்டால் அக்காவுக்கு அனுப்பும்போது பாதித் திரைக்கு வீதக் குறிதான் தெரியும்.

பக்க முடிவில் இதே விலையில் இன்னும் மூன்று சாறி. மூன்றுக்கு மேல் வேண்டாம், பிறகு மறுபடி அந்த 40 தான்.

---

காலிமுகம்:

அக்கா சொன்ன வட்ஸ்அப் பொத்தானைக் கொண்டே முதலாளியைச் சம்மதிக்க வைக்கலாம். கூகிள் அனலிட்டிக்ஸில் அந்தப் பொத்தானை அழுத்துவதை ஒரு ஈவெண்டாகப் பதியுங்க. விலை போட்ட 10 சாறி, போடாத 10 சாறி, ஒரே வகை, ஒரே விளம்பரம், இரண்டு கிழமை. வந்தவர்களில் எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று இரண்டு பக்கமும் காட்டுங்க. ஆனால் தீபாவளிக்கு முந்திய கிழமைகளில் செய்யாதீங்க. அப்போது எதைப் போட்டாலும் அழுத்துவார்கள், கணக்குப் பிழைத்துவிடும்.