தாத்தா ட்ரங்க் பெட்டியில ஒரு வெள்ளை நாடா: உங்க வீட்டு மிலிட்டரிக்காரர் பத்தி எழுதுங்க

குடியாத்தம் பேரன்:

தாத்தாவுக்குப் போன வாரம் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சுது. சொந்தக்காரங்க கிளம்பினப்புறம் ட்ரங்க் பெட்டியைத் திறந்தோம். மிலிட்டரிக்காரர் வீடுன்னா அந்தப் பெட்டி தெரியும், கறுப்புல வெள்ளை பெயின்ட்ல நம்பரும் பேரும் எழுதினது. உள்ள டிஸ்சார்ஜ் புக், மெடலுங்க, கம்பளி, எனாமல் மக். அடியில பாலித்தீன் கவர்ல சுத்தி ஒரு வெள்ளை நாடா. ரெண்டு விரல் அகலம், ஆறேழு அடி நீளம், பழுப்பேறிப் போயிருக்கு. "பாவாடை நாடாவை எதுக்கு இந்த மனுஷன் இப்படிப் பொத்தி வெச்சிருந்தாரு"ன்னு பாட்டி எடுத்துக்கிட்டாங்க.

மெட்ராஸ் ரெஜிமென்ட், 71-ல பங்களாதேஷ் சண்டைக்குப் போனவர்னு அப்பா சொல்வார். தாத்தா வாயால ஒண்ணும் வந்ததில்ல. கேட்டா "குளிரு தம்பி, அவ்வளவு குளிரு", அத்தோட சரி. எல்லாரும் அவருக்குத் தம்பிதான், என் அப்பா உட்பட.

நான் எழுத வந்தது வேற. எனக்கு ஒன்பது வயசு இருக்கும். மார்கழி, விடிகாலை, பனி மூடிக் கிடக்கு. பந்து புதுசா உழுத கொல்லைக்குள்ள போயிடுச்சு, நானும் பின்னாடியே ஓடிட்டேன். வரப்புல இருந்து "நில்லு! அசையாத!"ன்னு ஒரு சத்தம். அவர் அப்படிக் கத்தி அதுவரைக்கும் கேட்டதே இல்ல. பாம்புன்னுதான் நினைச்சேன். கையில குடை. அதோட நுனியால மண்ணைக் குத்திக் குத்தி, நான் மிதிச்ச தடத்துலேயே காலை வெச்சு வந்தார். குடையை நேரா குத்தல, ஒவ்வொரு தடவையும் சாய்ச்சு. என்னைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு அதே தடத்துல திரும்பினார். ஒன்பது வயசுப் பையனை. வரப்புல இறக்கி விட்டப்புறம் பீடி பத்த வைக்க நாலு தீக்குச்சி ஆச்சு. பந்தை எடுக்கவே இல்ல. பாம்பும் இல்ல.

சாவு வீட்டுல உக்காந்திருந்தப்போ எல்லாம் இதேதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

பேத்தி நம்பர் 3:

எங்க தாத்தா இருக்கார், 84. ஆனா ஒரு நவம்பர் மாசம் பேங்க்ல அவர் இல்லைன்னு ஆக்கிட்டாங்க. பென்ஷனுக்கு வருஷா வருஷம் உயிர்ச் சான்று கொடுக்கணுமே, அதுக்குக் கூட்டிட்டுப் போனேன். கட்டை விரல் ரேகை மெஷின்ல விழல. துடைச்சு வெச்சோம், எச்சில் தொட்டு வெச்சோம், பத்து விரலும் வெச்சாச்சு. ரிட்டையர் ஆகி வந்து முப்பது வருஷம் மம்பட்டி பிடிச்ச கை, ரேகை எங்க இருக்கும்? கவுன்ட்டர்ல இருந்த பையன் அவரைப் பார்க்காம என்னைப் பார்த்து "ஆள் உயிரோட இருக்கார்னு சிஸ்டம் ஒத்துக்கலையே மேடம்"னான்.

தாத்தா பெஞ்ச்ல இருந்து எழுந்தார். செருப்பைக் கழட்டிட்டு, குதிகால் ரெண்டையும் சேர்த்து, கையை விறைப்பா ஒட்டி வெச்சு, இந்தியில நம்பர், ரேங்க், பேர் மூணையும் சொன்னார். பேங்கே திரும்பிப் பார்த்துச்சு. அந்தப் பையனும் எழுந்து நின்னுட்டான், ஏன் எழுந்தோம்னு அவனுக்கே தெரியல. செருப்பை எதுக்குக் கழட்டினார்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.

ரேகை மட்டும் கடைசி வரை விழல. அடுத்த நாளும் போனோம்.

மிலிட்டரி கேன்டீன்:

@பேத்தி நம்பர் 3, எங்க தாத்தாவும் பட்டாளம்தான், லங்கர்ல சமையல். நானூறு பேருக்குப் பூரி சுட்ட கைன்னு சொல்லிக்குவார், வீட்டுல பாட்டி அடுப்புப் பக்கமே விடமாட்டாங்க. அது கிடக்கட்டும். உங்களுக்குச் சில விஷயம் சொல்லணும். ரேகை விழலன்னா பேங்குக்கே போக வேணாம், 2021-ல இருந்தே போன்ல முகத்தைக் காட்டி ஜீவன் பிரமாண் (அதான் அந்த உயிர்ச் சான்று) எடுக்கலாம். 80 தாண்டினவங்க அக்டோபர் 1-லயே கொடுத்துடலாம், நவம்பர் கூட்டத்துல நிக்க வேண்டியதில்ல. 80 வயசுல அடிப்படை பென்ஷன்ல 20 சதவீதம் கூடியிருக்கணும், 85-ல 30, 90-ல 40. பாஸ்புக்கைப் பாருங்க, தானா ஏறும்னு சும்மா இருக்காதீங்க. அப்புறம் முக்கியமா பாட்டி பேர், பிறந்த தேதி. டிஸ்சார்ஜ் புக்ல ஒண்ணு, ஆதார்ல ஒண்ணு, பிபிஓ-ல (பென்ஷன் ஆர்டர்) ஒண்ணுன்னு இருக்கும். அந்தக் காலத்துல கல்யாணத்துக்கு லீவுல வந்துட்டுப் போய் கிளார்க் கிட்ட வாயால சொன்ன பேர்தான் ஏறியிருக்கும், எங்க பாட்டி பேர்ல ஒரு எழுத்தே காணோம். தாத்தா இருக்கும்போதே திருத்திடுங்க, அப்புறம்னா பேமிலி பென்ஷனுக்கு நாயா அலையணும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்க, டிஸ்சார்ஜ் புக் ஒரிஜினலைக் கையை விட்டுக் கொடுக்காதீங்க, ஜெராக்ஸ் மட்டும். இசிஹெச்எஸ் கார்டு (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) இருக்கா?

பேத்தி நம்பர் 3:

இருக்குங்க. எல்லாம் இருக்கு. நான் அதைக் கேட்கவே இல்லையே.

பாளையங்கோட்டை:

எங்க தாத்தா போன வருஷம் தவறிட்டாவ. ஐபிகேஎஃப்-ல, அதான் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படைல இருந்தாவ. 87 அக்டோபர்ல யாழ்ப்பாணம், 90 மார்ச்சுல கடைசிக் கப்பல்ல திரும்பி வந்தாவ. மெட்ராஸ் துறைமுகத்துல இறங்குனப்போ வரவேற்க முதலமைச்சர் வரலைங்கிறது எல்லாருக்கும் தெரியும். தாத்தாவுக்கு அது பெருசா படல. "வந்திருந்தா மட்டும் என்னத்த"ன்னு போயிருவாவ.

அவங்க சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், அதுவும் சாகறதுக்கு மூணு மாசம் முந்தி, ஆஸ்பத்திரில, ராத்திரி. செக்போஸ்ட்டுல நிக்கும்போது ஒரு வயசான அம்மா பையைத் திறந்து காட்டிட்டு, தாத்தா மூஞ்சியையே பார்த்துட்டு நின்னுருக்காங்க. "தம்பி, நீ தமிழ்ப் பிள்ளைதானே?"ன்னு கேட்டிருக்காங்க. தாத்தா இந்தில "ஆகே சலோ", முன்னால போன்னு சொல்லிட்டாவளாம். அந்த அம்மா போயிட்டாங்க. "பைல பனங்கிழங்கு இருந்துச்சுல, நம்மூர் மாதிரியே கட்டி வச்சிருந்தா"ன்னாவ. அப்புறம் தண்ணி கேட்டாவ.

வடமராட்சி:

பாளையங்கோட்டை அண்ணா, உங்கட தாத்தாவில எனக்குக் கோவமில்லை எண்டு சும்மா எழுத ஏலாது. அந்த ஒக்டோபரில எங்கட வீட்டில ரெண்டு பேர் இல்லாமல் போச்சினம். அதுக்கு மேல இங்க எழுதேல்லை.

ஆனா அம்மம்மா சொல்லுறதை நீங்கள் கேக்க வேணும். இந்தியன் ஆமி சென்ட்ரியில தமிழ் தெரிஞ்சவன் நிண்டாத்தான் அவவுக்குக் கூடப் பயமாம். மற்றவங்களுக்கு முன்னால வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு போகலாம், சிரிச்ச முகத்தோட. தமிழன் நிண்டா விளங்கிப் போடும். அதாலதான் ஒவ்வொருத்தரையும் "நீ தமிழோ" எண்டு கேட்டுப் பாக்கிறது. அந்த அம்மாவும் அதுக்குத்தான் கேட்டிருப்பா, பாசத்தில இல்லை. உங்கட தாத்தா இருந்திருந்தா இதைச் சொல்லச் சொல்லியிருப்பன்.

மிலிட்டரி கேன்டீன்:

அரசியல் பேச ஆரம்பிச்சா திரி நாசமாயிடும் நண்பர்களே.

பாளையங்கோட்டை:

@வடமராட்சி, நன்றிம்மா. தாத்தா சிரிச்சிருப்பாவ. @மிலிட்டரி கேன்டீன், இது அரசியல் இல்ல, எங்க தாத்தா. நீங்க பென்ஷனைப் பாருங்க.

ஓய்வு சுபேதார்:

முதல் பதிவு போட்ட தம்பிக்கு. ரெண்டு நாளா படிச்சிட்டு இருக்கேன், ஒருத்தராவது சொல்வாங்கன்னு பார்த்தேன். கேன்டீன்காரர் பூரியும் பென்ஷனும்னு போயிட்டார். (நானூறு பேருக்கு ஒரு ஆள் பூரி சுட முடியாது. லங்கர்ல நானும் ட்யூட்டி பார்த்திருக்கேன்.)

உங்க தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட் கிடையாது. அது காலாட்படை, சென்டர் வெலிங்டன்ல. ஊர்ல எல்லாரும் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புவாங்க, எங்க அப்பா அதுக்கே கல்யாண வீட்டுல சண்டை போட்டவர். நீங்க சொன்னது எல்லாம் சாப்பர், அதாவது பட்டாளத்து இன்ஜினியர் பிரிவு ஆளோட பழக்கம். மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், பெங்களூர், அல்சூர் ஏரி பக்கம். எல்லாரையும் தம்பின்னு கூப்பிட்டார்னீங்களே, எங்க குரூப்புக்கே அதுதான் பேர், "தம்பிகள்". டிஸ்சார்ஜ் புக்குல யூனிட் என்னன்னு பாருங்க. மெடல்ல பூர்வி ஸ்டாரா, பஷ்சிமி ஸ்டாரான்னும் பாருங்க. பூர்வின்னாதான் பங்களாதேஷ் பக்கம். அங்க அவ்வளவு குளிர் கிடையாது.

குடியாத்தம் பேரன்:

ஐயா, பஷ்சிமி ஸ்டார்னு இருக்கு. புக்குல 9 இன்ஜினியர் ரெஜிமென்ட்.

ஓய்வு சுபேதார்:

அப்போ பசந்தர் ஆத்துச் சண்டை. மேற்கு எல்லையில ஷகர்கர் செக்டார், 71 டிசம்பர் 15 ராத்திரி. ஆத்துக்கு அந்தப் பக்கம் நம்ம காலாட்படை இடம் பிடிச்சாச்சு, அவங்களுக்கு டேங்க் போய்ச் சேரணும். நடுவுல பூரா கண்ணிவெடி. 9 இன்ஜினியர்தான் பாதை போட்டது. மேல குண்டு விழுந்துக்கிட்டே இருக்கும்போது கண்ணியை எடுத்துக்கிட்டே போகணும். கையால தேடும்போது ஊசியை மண்ணுல சாய்ச்சுத்தான் விடணும். கண்ணியை அமுக்கினா வெடிக்கிற இடம் மேல்பக்கம், நேரா குத்தினா அதுலதான் படும். சாய்ச்சு விட்டா பக்கவாட்டுல தட்டும். உங்க தாத்தா குடையில செஞ்சது அதுதான். பாதை பாதிகூட முடியல, எதிரி டேங்க் வருதுன்னு தெரிஞ்சதும் நம்ம பூனா ஹார்ஸ் ரெஜிமென்ட் டேங்குங்க மீதிக் கண்ணிக்குள்ளேயே புகுந்து போயிடுச்சு. மறுநாள்தான் அந்த ரெஜிமென்ட் டேங்க் ஆபீசர் அருண் கேத்தர்பால் செத்தது, 21 வயசு, பரம் வீர் சக்ரா. அவர் பேரு எல்லாருக்கும் தெரியும். பாதை போட்ட பசங்க பேரு அவனவன் வீட்டுக்குத்தான் தெரியும்.

பெட்டியில இருந்தது பாவாடை நாடா இல்ல தம்பி. சுத்தம் பண்ணின பாதைக்கு ரெண்டு ஓரத்துலயும் வெள்ளை நாடா கட்டிக்கிட்டே போவோம். நாடாவுக்கு உள்ள காலை வெச்சா பிழைப்பே, வெளிய வெச்சா இல்ல. எந்தப் பாதையில கட்டினதுல மிச்சம்னு அவருக்குத்தான் தெரியும். பத்திரமா கண்ணாடி போட்டு மாட்டி வைங்க.

குடியாத்தம் பேரன்:

ஐயா, இதைப் படிச்சிட்டு நேரா பாட்டி கிட்ட ஓடினேன். போன வாரமே ரெண்டா மடிச்சு பாவாடையில கோர்த்துட்டாங்க. நீங்க எழுதினதை முழுசா படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு கொஞ்ச நேரம் முடிச்சைத் தடவிக்கிட்டே இருந்தாங்க. கழட்டிக் கொடுங்க பாட்டின்னேன். முடியாதுன்னுட்டாங்க.